சொர்ணம் இறக்கி வைத்த சத்தியம்

எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? பனி கொட்டுகிறதே, தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டுதானே வெளியே போகிறீர்கள்? சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் நாங்கள் பொன்னமராவதிப் பக்கம் குடியிருந்தோம். அடுத்த வீடு சொர்ணம் வீடு. அவள் புருஷன் வீரய்யா சந்தைக்கு மாட்டுவண்டி ஓட்டுகிறவர்.

மதுவிலக்கு வந்தும் அவருக்கு மட்டும் எங்கிருந்தோ சாராயம் கிடைத்துவிடும். போலீசு பிடித்து உள்ளே வைத்தது. வெளியே வந்த அன்றே குடித்தார். கடைசியில் சொர்ணம் அவரைக் கருப்பர் கோயிலுக்கு இழுத்துப் போனாள். மகள் கண்ணாத்தாள் நடக்கப் பழகிய குழந்தை. அவள் தலையில் வீரய்யா ஒரு கையை வைத்து, மறு கையால் எரிகிற சூடத்தை அணைத்து, "இனிமே தொடமாட்டேன்" என்றார். மீறினால் பிள்ளையைச் சாமி எடுத்துக்கொள்ளும் என்று நாங்கள் எல்லோருமே நம்பினோம்.

குடி நின்றது. ஆனால் வண்டிச் சத்தம் கேட்டாலே சொர்ணம் வாசலுக்கு ஓடிவந்து நிற்பாள். அவர் வாயை ஊதிக் காட்டிய பிறகுதான் உள்ளே விடுவாள்.

கூட வண்டி ஓட்டும் மூக்கனுக்கு இது கேலி. "என்ன மாப்ள, கருப்பரை ஒம் பொண்டாட்டி முந்தானையில முடிஞ்சு வச்சிருக்காளாமே?"

தை மாதத்தில் ஒரு சந்தையன்று வீரய்யா வாசலிலேயே நின்றார்.

"ஊதுங்க."

"வேணாம் புள்ள."

"ஊதுங்கங்கிறேன்!"

"மூக்கன் ஊத்திக் குடுத்துட்டான். ஒரு மொடக்குதான்..."

சொர்ணம் உள்ளே ஓடினாள். மதியத்திலிருந்து சுருண்டு கிடந்த பிள்ளைக்கு நெற்றி அனலாகக் கொதித்தது. அவள் போட்ட அலறலில் நானும் ஓடினேன். ஆஸ்பத்திரி மருந்து கொடுத்தும் விடியும்வரை காய்ச்சல் இறங்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனோம்.

பூசாரி ஆண்டியப்பன், "தப்புக்குத் தேங்கா ஒடச்சுட்டு, மறுபடி புள்ள தலையில கைய வச்சு சூடத்த அணைக்கச் சொல்லு, ஆத்தா" என்றார்.

"வேணாங்கய்யா. போட்ட சத்தியத்த எறக்கிருங்க. எம்புள்ள தலைய இனி யாரும் ஈடு வைக்கக் கூடாது."

"எறக்குனா ஒம் புருஷன் கண்மாய்க்கரையிலதான் கெடப்பான்."

"கெடக்கட்டும்."

வீரய்யாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "அவுத்து விடாத சொர்ணம். எனக்கே என்னைய நெனச்சாப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லையா?"

பூசாரி புதுச் சூடம் ஏற்றி, அணைக்காமல் தானாக எரிந்து முடிய விட்டார். சத்தியம் இறங்கிவிட்டது. ஓரிரு நாளில் காய்ச்சலும் விட்டது. மருந்தோ, சாமியோ, எதைச் சொல்ல?

அடுத்த சந்தையன்று வண்டி பூட்ட அவர் கை வரவில்லை. "நீயும் வாயேன்" என்றார். "நான் வரல" என்று சொர்ணம் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் தனியாகவே போனார். பகல் முழுவதும் ஒரு பருக்கைகூடச் சாப்பிடவில்லை அவள்.

பொழுது சாயுமுன்னே வண்டி வந்தது. வீரய்யாவுக்கு உதடெல்லாம் காய்ந்திருந்தது.

"சோறு போடு புள்ள. காலையிலேர்ந்து வண்டிய விட்டு எறங்கவே இல்ல. எறங்குனா காலு எங்கிட்டுப் போகும்னு எனக்கே தெரியல."

சொர்ணம் கிட்டே போய் முகர்ந்து பார்க்கவில்லை. தட்டை வைத்தாள். சோறு போட்டாள். தானும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

நாங்கள் அந்த ஊரை விட்டு வரும்வரை அவர் குடித்து நான் பார்க்கவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது திருந்தியிருப்பார்களே? கட்டிப்போட்டதாலா, அவிழ்த்துவிட்டதாலா? நடந்ததை நடந்தபடி எனக்கு எழுதுங்கள்.