நலம் என்று எழுதினால் சாட்சி வேண்டும்

இந்த ஊரில் கடிதத்தில் 'நலம்' என்று எழுதினால் சான்றிதழ் இணைக்க வேண்டும். வந்து ஏழு மாதமாகியும் எனக்கு அது தெரியவில்லை.

பாளையங்கோட்டையிலிருக்கும் ஜெசிந்தாவுக்கும் பரமுவுக்கும் முதல் கடிதத்தை எழுதி அஞ்சலகத்துக்குக் கொண்டுபோனேன். நாங்கள் மூன்று பேரும் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். கவுன்டரில் இருந்தவர் உறையை விளக்குக்கு நேராகப் பிடித்துப் படித்தார்.

"இரண்டாவது வரி. நலம். அத்தாட்சி?"

"சும்மா எழுதுறதுதான் சார்."

"சும்மா எழுதியதை அனுப்புவதில்லை. அறை எண் ஒன்பது."

நான் நடக்க நடக்க நடைகூடம் நீண்டது. பாதி வழியில் ஒரு டீக்கடை வந்தது. குடித்துவிட்டு மறுபடி நடந்தேன்.

ஒன்பதாம் அறை அதிகாரி கனிவானவர். "பார்த்தவுடனே உங்கள் நலத்தைச் சொல்லக்கூடிய சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும்."

யோசித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் போன மாதம் கடிகாரமாகிவிட்டார். மணி மட்டும்தான் சொல்வார்.

"இங்க யாரும் இல்ல சார்."

அவர் அலமாரியின் கீழ் இழுப்பறையைத் திறந்தார். அதற்குள்ளிருந்து ஜெசிந்தா ஏறி வந்தாள். பின்னாலேயே பரமு, காய்கறிப் பையோடு.

"மார்க்கெட்டுக்குப் போய்ட்டு இருந்தோம்ட்டி," என்றாள் பரமு.

"இவர் நலமா?" என்று கேட்டார் அதிகாரி.

ஜெசிந்தா என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இல்ல சார். இவ அழுதா மூக்கு செவக்கும். செவந்துருக்கு."

"அது குளிருக்கு," என்றேன்.

"குளிருக்குன்னா காது செவக்கும்," என்றாள் பரமு.

அதிகாரி 'நலம்' என்பதை அடித்துவிட்டுப் பேனாவை நீட்டினார். அந்த இடத்தில் எழுதினேன்: 'சனி, ஞாயிறு யாரோடும் பேசுவதில்லை. மனசு உங்கள் இரண்டு பேரையும் ரொம்பத் தேடுகிறது.'

முத்திரை குத்தி ஜெசிந்தாவிடம் கொடுத்தார். "உங்களுக்குக் கடிதம்."

இருவரும் தலையை முட்டிக்கொண்டு படித்தார்கள். பரமு மூக்கை உறிஞ்சினாள். நான் பேச வாயெடுத்தேன்.

"பதில் வர பதினெட்டு நாள் ஆகும்," என்றார் அதிகாரி. "வெளியே காத்திருங்கள்."

நடைகூடத்து பெஞ்சில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். பரமு ஒரு தாளை மடியில் வைத்து எழுத ஆரம்பித்தாள். எட்டிப் பார்த்தேன்.

"ஏட்டி, தபால்ல வரும். அங்கிட்டுத் திரும்பு," என்று கையால் மறைத்துக்கொண்டாள்.

திரும்பினேன். அந்தப் பக்கம் ஜெசிந்தா என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அதற்குள் ஒரு நாள் போய், இன்னும் பதினேழு நாள் இருந்தது.