ஈரக் கைகள்

இன்னும் பொழுது வெளுக்கவில்லை. தூறல் விட்டபாடில்லை. மின்சார டாக்சிகள் நிற்கும் முற்றத்தில் அக்கா இரண்டு கைகளாலும் சார்ஜர் கேபிளைப் பிடித்து இழுத்தாள். சேற்றில் ஊறிக் கனத்த கேபிள் இழுத்த இழுப்புக்கு வராமல் அடம்பிடித்தது. தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது.

ஓட்டுநர்களில் ஒரே பெண் அவள், எல்லாருக்கும் அக்கா. வண்டிகள் முதலாளியுடையவை. ஓட்டுவதும் கழுவுவதும் சார்ஜ் ஏற்றுவதும் இவர்கள் பாடு. வீட்டிலேயே ஏற்றலாமென்றால் அவள் குடியிருப்பது மாடியில். ஜன்னல் வழியே ஒரு வயரைத் தொங்கவிட்டதற்கே வீட்டுக்காரர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். முற்றத்திலோ பாதி சார்ஜர்கள் செத்துக் கிடந்தன. மிச்சத்துக்குப் போட்டி. சார்ஜுக்குக் காத்திருக்கும் நேரம் இனி வேலை நேரமில்லை, அதற்குக் கூலி கிடையாது என்று முதலாளி அறிவித்ததிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. திரையில் ஏறும் சதவீதத்தையே வெறித்தார்கள்.

"அக்கா, எண்பதுக்கு மேல ஆமை மாதிரிதான் ஏறும். கழட்டிட்டு எனக்கு விடேன்" என்றான் அடுத்து நின்றவன். முதலாளியின் மாமனாரைக்கூட 'மச்சான்' என்று கூப்பிட்டவன். அதுவே அவனுக்குப் பெயராகிவிட்டது.

"ஏர்போர்ட் சவாரிடா. பாதி வழியில நின்னா நீயா வந்து தள்ளுவ?"

"தள்ளுறேன். நீ ஸ்டியரிங்க மட்டும் பிடி."

சிரித்துக்கொண்டே பக்கத்து சார்ஜருக்குப் போனான். விரிசல் விட்ட அதன் கைப்பிடியில் டேப் சுற்றியிருந்தது. மழையில் அடிக்கடி மின்சாரத்தைத் துண்டிக்கிறதென்று அதன் பாதுகாப்பு சுவிட்சை முதலாளி கழற்றச் சொல்லியிருந்தார். எல்லாருக்கும் தெரியும். அவசரம், சொருகினான்.

பட்டென்று நீல வெளிச்சம். அக்கா திரும்பியபோது மச்சான் சேற்றில் மல்லாந்து கிடந்தான். ஒருவர் ஓடிப்போய் மெயினை அணைத்தார். மூச்சு இருந்தது. உள்ளங்கை கருகியிருந்தது. அக்காவின் வண்டியில் ஏற்றி இருவர் ஆஸ்பத்திரிக்கு விரைந்தார்கள்.

குடையோடு முதலாளி வந்தார்.

"ஈரக் கையோட தொடச் சொன்னது யாரு?"

"மழையில நிக்க வச்சிட்டீங்க. காஞ்ச கைக்கு நாங்க எங்க போறது?" என்றாள் அக்கா.

"சரிம்மா, வேற டேப் சுத்தச் சொல்றேன். சவாரி காத்துட்டிருக்கு. வண்டிய எடுங்க."

பைகளில் போன்கள் துடித்தன. ஒருவன் கார்க் கதவில் கைவைத்தான். தன் வண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாலும், அக்காவுக்கும் கால் மிச்ச வண்டிகள் பக்கம்தான் இழுத்தது. கணவன் வேலை செய்த ஆலை மூடிவிட்டது. இவள் ஓட்டினால்தான் அடுப்பெரியும். கருகிய வாடை இன்னும் மூக்கைவிட்டுப் போகவில்லை. மச்சானுக்கு விட்டுக்கொடுத்திருக்கலாமே என்று மனம் அரித்தது. அரித்து அரித்து அது கோபமாக மாறியது. ஒரு நல்ல சார்ஜருக்காக எங்களை முட்டிக்கொள்ள விட்டது யார்?

போனை அணைத்தாள்.

"கழட்டின சுவிட்ச மாட்டுங்க. காத்துக் கிடக்கிறதும் வேலைதான்னு ஒத்துக்குங்க. அப்புறம்தான் வண்டி."

கதவில் கைவைத்தவன் கையை எடுத்தான். அவனும் போனை அணைத்தான். ஒவ்வொன்றாக முற்றத்தில் போன்கள் ஓய்ந்தன.

"ஆள் கிடைக்காதுன்னு நெனப்பா?" முதலாளி வாசல் கேட்டுக்கு வெளியே வேலைக்காக நின்றவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, ஒரு சாவியை நீட்டினார். நரைத்த தாடிக்காரர். வாங்கிக்கொண்டு நடந்தவர், சேற்றில் கிடந்த ஒற்றைச் செருப்பைக் கண்டு நின்றார்.

"இது யாரோடது?"

"எங்காளோடது. ஷாக் அடிச்சு ஆஸ்பத்திரியில கெடக்கான்" என்றாள் அக்கா.

அவர் கருகிய கைப்பிடியைப் பார்த்தார். திரும்பி வந்து சாவியை முதலாளியின் கையிலேயே வைத்தார்.

"எனக்கு வேலை வேணும் சார். ரொம்ப வேணும்."

"அப்ப எடுய்யா!"

"இவங்க எடுக்கிறப்ப நானும் எடுக்கிறேன்."

முதலாளி யாருக்கோ போன் போட்டுக் கத்த ஆரம்பித்தார். தாடிக்காரர் அக்காவின் பக்கத்தில் வந்து நின்றார். மழை வலுத்தது. கேட்டுக்கு வெளியே நின்ற மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, ஒவ்வொருவராக உள்ளே வந்து தாடிக்காரர் பக்கத்தில் நிற்கத் தொடங்கினார்கள்.