கால்சியத்துக்குக் கீழே

தோருன் ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா கண்ணைத் திறந்தார்.

"சிக்னே... வந்துட்டியா?"

தோருனின் கை அப்படியே நின்றது.

சிக்னே அவள் அக்காள். வடக்கே ட்ரொம்சோவில் இருக்கிறாள். காலையில்தான் போனில், "நான் வரல. வந்து அவர்கிட்ட என்ன பேசச் சொல்றே?" என்று கேட்டு வைத்துவிட்டாள். பெர்கன் ஊர்ப் பள்ளியில் அப்பாதான் அவளுக்கு வேதியியல் வாத்தியார். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தாராளமாக மார்க் போட்ட மனிதர், சொந்த மகள் என்பதற்காகவே அவளுக்குக் குறைத்துப் போட்டார். டாக்டர் படிப்பு கைநழுவிப் போயிற்று. அன்றைக்கு வீட்டை விட்டுப் போனவள்தான்.

"அப்பா, நான் வந்து..."

"தெரியுதும்மா. குரலே சொல்லுதே."

இரண்டு பேருக்கும் அம்மாவின் குரல்.

எலும்புக்குள் இறங்கிவிட்ட புற்றுநோய்க்கு ரேடியம் ஊசி போட்ட நாளில், டாக்டரைப் பேசவிடாமல் அப்பாவே பாடம் எடுத்தது தோருனுக்கு நினைவு வந்தது.

"தனிம அட்டவணையில கால்சியத்துலேருந்து நேரா கீழே இறங்குங்க. ஸ்ட்ரான்சியம், பேரியம், அப்புறம் நம்ம ரேடியம். எல்லாத்துக்கும் வெளிக்கூட்டுல ரெண்டே எலக்ட்ரான். எலும்புக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. கால்சியம்தான் வந்திருக்குன்னு கதவைத் திறந்துடும்."

"ஐயோ, அப்ப எலும்பை ஏமாத்துறோமா சார்?" என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ்.

"அது ஏமாந்தாத்தானே மருந்து வேலை செய்யும்!"

அன்று தோருனும் சேர்ந்து சிரித்தாள். ஒவ்வொரு ஊசிக்கும் காரோட்டி அழைத்துப் போனவள் அவள்தான்.

"இன்னும் கோவமா, சிக்னே?" என்று இப்போது கேட்டார் அப்பா.

தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்த ஓசே, இந்தப் பராமரிப்பு இல்லத்தின் நர்ஸ், தோருனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தண்ணீர் ஜாடியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். ஜாடி நிறையத் தண்ணீர் இருந்தது.

மழை கண்ணாடியில் வழிந்தது. 'நான் தோருன்' என்று சொல்ல ஒரு மூச்சு போதும்.

"கோவமெல்லாம் இல்லப்பா. எப்பவோ போயிடுச்சு."

அவர் விரல்கள் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டன. நெற்றிச் சுருக்கம் மெல்லத் தளர்ந்தது.

"புழுக்கமா இருக்கு," என்றார் சற்றுப் பொறுத்து. "தோருனா இருந்தா சொல்லாமலே ஜன்னலைத் திறந்திருப்பா. உனக்குத்தான் சின்னதுலேருந்தே குளிர் ஆகாதே. மூடியே இருக்கட்டும். நீ உக்காரு."

அவள் உட்கார்ந்தே இருந்தாள். கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டாள்.

"தோருன் எங்கப்பா?"

"அவ எங்கே போயிடப் போறா? இங்கதான் எங்கேயாவது இருப்பா."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. ஒரு மூச்சுக்கு அடுத்தது வரவில்லை.

ஓசே வந்து நாடி பார்த்தாள். மேஜை மேல் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். அப்போது போன் அடித்தது.

"இருக்காரா?" சிக்னே.

"இப்பத்தான் போனாரு."



"என்னைக் கேட்டாரா?"

"நீ வந்துட்டேன்னு நினைச்சுக்கிட்டாரு. இன்னும் கோவமான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"இல்லைன்னு சொன்னேன்."

"என் கோவத்தை விட்டுக்கொடுக்க நீ யாருடி?" குரல் உடைந்தது. விசும்பல் அடங்கப் பொறுத்திருந்தாள் தோருன். பிறகு மிகச் சன்னமாக, "கையைப் பிடிச்சிருந்தியா?" என்றாள் சிக்னே.

"அவர்தான் பிடிச்சிருந்தாரு. உன் கையை."

"அப்ப உன்னை? உன்னைக் கேட்டாரா தோருன்?"

தோருன் போனைப் போர்வை மேல் வைத்தாள். உயிர் பிரிந்த அறையில் செய்யும் வழக்கப்படி, ஓசே ஜன்னலைத் திறக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

"இரு. நான் திறக்குறேன்," என்றாள் தோருன்.

கொக்கி இறுகியிருந்தது. இரண்டு கையாலும் தள்ளினாள். மழைக்காற்று உள்ளே வந்தது. மெழுகுவர்த்திச் சுடர் ஒருமுறை படுத்து எழுந்தது.