ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு சோதனைக் குழாய்

இது தில்லையம்மாள் சொல்லக் கேட்டது. நடந்தது அறுபத்தேழிலா அறுபத்தெட்டிலா என்பது எனக்கு நிச்சயமில்லை. ஆய்வகத்து ஜன்னல் கிழக்குப் பார்த்ததா என்பதும் சந்தேகம்தான். அஞ்சனா வாய் திறந்தாள் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

தில்லை பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பெண். கல்லூரிப் புகுமுக வகுப்பான பி.யூ.சி. தேறாவிட்டால் தறியில் உட்கார வேண்டியதுதான் என்று அப்பா முன்பே சொல்லிவிட்டார். அதே வகுப்பில் படித்த அஞ்சனா வாலாஜாபாத் பக்கத்துச் சமண விவசாயக் குடும்பம். ரயிலில் வந்து போகிறவள். எந்தக் கண்ணாடிப் பாத்திரத்தையும் வெளிச்சத்தில் தூக்கி, மெதுவாகச் சுழற்றி, உள்ளே எறும்போ பூச்சியோ இல்லை என்று தெரிந்த பிறகுதான் தீயில் காட்டுவாள். அவர்கள் வீட்டு அடுப்பிலும் அப்படித்தான்.

"இன்னாடி, இன்னிக்காவது ஒரு எறும்பு மாட்டுச்சா?" என்று தில்லை சீண்டுவாள்.

"மாட்டலைன்னா நல்லதுதானே" என்பாள் அஞ்சனா. அதற்கு மேல் பேச்சு இருக்காது.

செய்முறைத் தேர்வு அன்று, தட்டிலிருந்த சோதனைக் குழாய்களைத் தில்லை ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதை எடுத்துக்கொண்டாள். பட்டு என்றால் கனம்தான் உசத்தி என்று பழகிய கை. தடித்த கண்ணாடி சூட்டைத் தாங்காது என்று வகுப்பில் படித்தது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

என்னவென்று கண்டுபிடிக்கக் கொடுத்த இரண்டு உப்புகளில் முதலாவதைப் போட்டு அடர் கந்தக அமிலத்தை ஊற்றினாள். குழாயை இடுக்கியில் பிடித்து ஸ்பிரிட் விளக்கை நோக்கிக் கொண்டுபோனாள்.

"தில்லை, தீயில காட்டாதே! அடியில கீறல் இருக்குது!"

ஜன்னலுக்கு எதிர்ப்பக்க மேசையிலிருந்து அஞ்சனா கத்தினாள். அறையே திரும்பிப் பார்த்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் தேவசகாயம், பேசியவர்களை வெளியே அனுப்புவதில் பெயர்பெற்றவர்.

"யாரும்மா அது? பதில் சொல்லிக் குடுக்கிறியா?"

"இல்ல சார். டெஸ்ட் ட்யூப்ல கீறல். ஜன்னல் பக்கம் புடிச்சிப் பாருங்க."

அவர் பிடித்துப் பார்த்தார். அமிலத்தைப் பீங்கான் கிண்ணத்தில் வடித்துவிட்டு, கிண்ணத்துக்கு மேலேயே குழாயைப் பென்சிலால் லேசாகத் தட்டினார். அடிப்பாகம் கழன்று விழுந்தது. தில்லை தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தேவசகாயம், "நல்ல காரியம் செஞ்சேம்மா" என்றார். "ஆனா பேசினது பேசினதுதான். கொஞ்ச நேரம் வெளியில நில்லு."

அஞ்சனா தன் விளக்கை மூடியால் அணைத்தாள், அமிலப் புட்டியின் அடைப்பானைச் சரிபார்த்தாள், பிறகுதான் நடந்தாள். தனக்கு நேரம் போகிறதென்று தெரிந்தும் அவள் அவசரப்படாததைத் தில்லை கடைசிவரை வியந்துகொண்டே இருந்தாள்.

தில்லை மெல்லிய குழாய் ஒன்றை எடுத்தாள். ஜன்னலுக்கு நேரே தூக்கிச் சுழற்றினாள். சூடாக்கும்போது அதன் வாயை ஆளில்லாத சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இருவரும் தேறினார்கள். அஞ்சனாவுக்கு இரண்டாவது உப்பை முடிக்க முடியாமல் மதிப்பெண் குறைந்தது. அதனால் அவள் விரும்பிய மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. வந்தவாசிப் பக்கம் பள்ளி ஆசிரியையானாள். தில்லை பி.எஸ்சி. முடித்து அதே ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். தறியில் அவள் தம்பி உட்கார்ந்தான். தேவசகாயம் ஓய்வுபெற்றுச் சில வருடங்களில் காலமானார்.