ஒரு மணி நேரச் சாவி

டயர்க் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது அந்த நிறுவனம். படியேறும்போதே ரப்பர் வாடையும் கூடவே ஏறி வரும். பத்தொன்பது மருத்துவமனைகளில் எடுக்கிற எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களை வாங்கி, கிளவுட் என்கிற இணையக் கிடங்கில் பத்திரமாக வைத்து, மருத்துவர் கேட்ட நேரத்தில் திரையில் காட்டுவதுதான் அவர்கள் தொழில். மொத்தம் பதினாறு பேர்.

அவள் அங்கே வரவேற்பு மேசையில் சேர்ந்தவள். தொலைபேசி எடுப்பாள், வருகிறவர்களை உட்காரவைப்பாள், புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அடையாள அட்டை அடித்துக் கொடுப்பாள். வேலையை விட்டுப் போகிறவர்களிடம் அந்த அட்டையைத் திரும்ப வாங்கி ஒரு டப்பாவில் போட்டுவைப்பாள்.

அப்படி ஒருவர் வேலையை விட்டுப் போன நாளில் அட்டையை வாங்கிக்கொண்டு, சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாள்.

"கம்ப்யூட்டர் சாவியையும் குடுத்துட்டீங்களா சார்?"

அவர் சிரித்தார். "அது என் வீட்டு லேப்டாப்ல இருக்கு, மெயில்ல இருக்கு, போன்லயும் இருக்கு. எதைன்னு குடுக்கறதும்மா?"

அவர் போன பிறகும் அவளுக்கு அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. உள்ளே தொழில்நுட்ப அறையில் போய் விசாரித்தாள். சாவி என்பது இரண்டு வரி எழுத்துகள்தான். அந்த இரண்டு வரியும் கையில் இருந்தால் போதும், பத்தொன்பது மருத்துவமனைப் படங்களையும் பார்க்கலாம், நகலெடுக்கலாம், ஒரேயடியாக அழித்துவிடவும் செய்யலாம். நான்கு வருடமாக அதை யாரும் மாற்றவில்லை. மாற்றினால் எந்தக் கணினி நிரல் எங்கே நிற்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. வெள்ளைப் பலகையின் மூலையில் யாரோ அதை எழுதி, 'அழிக்காதீர்கள்' என்று கட்டமும் போட்டிருந்தார்கள்.

மேசைக்குத் திரும்பி டப்பாவைக் கொட்டி எண்ணினாள். இருபத்து மூன்று அட்டைகள். இருபத்து மூன்று பேரும் அட்டையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். சாவி இருபத்து மூன்று பேரிடமும் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவள் இரண்டு வருடம் மாலை வகுப்புக்குப் போனாள். முதல் மூன்று மாதம் ஒரு மண்ணும் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பிள்ளைகள் அவளைப் பார்த்து எழுந்து நின்று, ஆசிரியை என்று நினைத்து வணக்கம் வைத்த கதையும் உண்டு. ஆனாலும் விடவில்லை. தேர்வில் தேறி வந்து சான்றிதழை மேலாளர் முன்னால் வைத்தபோது அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொழில்நுட்ப அறையில் ஏசி தண்ணீர் சொட்டுகிற வாளிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதைக் கொடுத்தார்.

முதல் வாரமே அவள் தன் திட்டத்தைச் சொன்னாள். நிரந்தரச் சாவியை ஒழித்துவிடுவது. யாருக்கு வேலையோ அவர் தன் கடவுச்சொல்லையும் போனுக்கு வரும் எண்ணையும் காட்டி ஒரு தற்காலிகச் சாவி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தச் சாவி கிளவுடில் அவர் வேலைக்குத் தேவையான படங்கள் இருக்கும் அலமாரியை மட்டும்தான் திறக்கும். ஒரு மணி நேரம் ஆனதும் தானே செத்துவிடும். வேலை பாக்கியிருந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் மேலாளர். "ஆனா ஆளாளுக்கு என்னைப் பிடிச்சுத் திட்டுவாங்களே?"

"என்னைத் திட்டச் சொல்லுங்க சார்."

பழைய சாவி ஒழிந்தது, சொன்னபடியே திட்டினார்கள். அவளுக்குச் சாவியம்மா என்று பெயரும் வைத்தார்கள். பெயர் வைத்தவன் 'வேகம்'. அவனும் பட்டப்பெயர்க்காரன்தான், அங்கிருந்த நிரலாளர்களில் கெட்டிக்காரன், மற்றவர்கள் ஒரு வாரத்தில் எழுதுவதை ஒரே நாளில் எழுதிவிடுவான். மணிக்கு ஒருமுறை நின்று சாவி வாங்குவது அவனுக்கு முள்மேல் உட்கார்வதுபோல் இருந்தது.

"ரிசப்ஷன்ல இருந்த பழக்கம் போகலை பாருங்க," என்றான் எல்லாருக்கும் கேட்கும்படி. "இங்கயும் விசிட்டர் பாஸ் போட ஆரம்பிச்சுட்டாங்க."

அறையே சிரித்தது. அவளும் கூடச் சிரித்தாள். பிறகு கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

வேகம் மேலாளரிடம் போய், ஒரு மணி நேரத்தைப் பன்னிரண்டு மணி நேரமாக ஆக்கச் சொன்னான். எல்லா மருத்துவமனைகளின் படங்களும் தனக்குத் திறக்க வேண்டும் என்றும் கேட்டான். மேலாளர் கிட்டத்தட்டத் தலையாட்டிவிட்டார். அவள் மட்டும் அசையவில்லை.

"நேரம் பத்தலைன்னா இன்னொரு சாவி வாங்கிக்கட்டும் சார். வெளியில போன சாவியை யார்கிட்ட போய்த் திரும்ப வாங்குவீங்க? நிரல் எழுதிச் சோதிச்சுப் பார்க்கறதுக்கு எதுக்கு நோயாளிங்க படம்? சோதனைப் படங்கள் இருக்கே, அது போதும்."

அலுவலகத்து ஆட்களைக்கூடச் சமாளித்துவிட்டாள். அக்காவைத்தான் சமாளிக்க முடியவில்லை. அந்தப் பத்தொன்பதில் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் பிரிவில் செவிலியாக இருந்தாள் அக்கா. மருத்துவமனைகளுக்கும் புது ஏற்பாடு வந்த நான்காம் நாள் போன் வந்தது.

"ஏன்டி, உனக்கும் எனக்கும் என்னடி பகை? ஆளைப் படுக்கப்போட்டுட்டு நிக்கறேன், ஸ்கிரீன் அணைஞ்சுபோய் நம்பர் கேக்குது. போன் லாக்கர்ல கிடக்கு. ஓடறேன், எடுக்கறேன், ஓடி வர்றேன். இதே பொழப்பாப் போச்சு!"

"கொஞ்ச நாள்ல பழகிடும்க்கா."

"நீ ஏசியில உக்காந்துக்கிட்டுப் பழகிடும்ங்கறே. ஒருநாள் இங்க வந்து நின்னு பாரு, தெரியும்."

வீம்புக்குச் சொன்னதை அவள் நிஜமாகவே எடுத்துக்கொண்டாள். விடுப்புப் போட்டுவிட்டு மறுநாள் காலை அந்த ஸ்கேன் பிரிவில் போய் ஓர் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்தாள். பதினோரு மணி வாக்கில் ஒரு பெரியவரைப் படுக்கவைத்து, "மூச்சை அடக்குங்கய்யா" என்றாள் அக்கா. அந்த நேரம் பார்த்துத் திரை எண் கேட்டது. அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டு லாக்கருக்கு ஓடினாள். இயந்திரத்துக்குள்ளிருந்து மெல்ல ஒரு குரல் வந்தது.

"இன்னும் அடக்கணுமாம்மா?"

"ஐயய்யோ, விடுங்கய்யா, விடுங்க!" என்று இவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினாள்.

பெரியவர் கோபப்படவில்லை. அவள்தான் அன்று முழுக்கத் தன்மேல் கோபமாக இருந்தாள். மருத்துவமனைக்குள் ஒருமுறைகூட எட்டிப் பார்க்காமல் மருத்துவமனைக்கான ஏற்பாட்டைச் செய்திருக்கிறாள். யார் எப்போது கையுறை போடுகிறார்கள், போன் எங்கே இருக்கிறது, பணி எத்தனை மணிக்கு மாறுகிறது என்று சாயங்காலம் வரை குறித்துக்கொண்டாள்.

மூன்று வாரம் அதற்கு உழைத்தாள். செவிலி பணிக்கு வந்ததும் சுவரில் இருக்கும் கருவியில் தன் அட்டையை ஒருமுறை காட்டினால் போதும். பணி முடிகிற வரை அந்த அறையின் கணினியே மணிக்கு ஒரு புதுச் சாவியை யாரையும் தொந்தரவு செய்யாமல் வாங்கிக்கொள்ளும். பழையது செத்துக்கொண்டே இருக்கும். பணி முடிந்ததும் வாங்குவதும் நின்றுவிடும். அந்தச் சாவியைக் கொண்டு அந்த மருத்துவமனைப் படங்களை மட்டுமே சேர்க்கலாம், பார்க்கலாம். அழிக்க முடியாது.

"இப்ப பரவாயில்லடி," என்றாள் அக்கா. பிறந்ததிலிருந்து அக்கா அவளுக்குக் கொடுத்த பெரிய பாராட்டு அதுதான்.

எட்டு மாதம் ஓடிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, யார் இருக்கைக்கும் எழுந்து போகாத வேகம் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"தப்புப் பண்ணிட்டேன்."

"உக்காருங்க. என்ன ஆச்சு?"

நிரலில் ஒரு கோளாறு. அதற்கு வழி கேட்டு, நிரலாளர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் ஒரு பொது இணையதளத்தில் எழுதியிருக்கிறான். அவசரத்தில், திரையில் வந்த அத்தனையையும் அப்படியே அள்ளிப் போட்டுவிட்டான். நடுவில் அவன் சாவியும் இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் கீழே எழுதினார்: உங்கள் சாவி தெரிகிறது, உடனே எடுங்கள். எடுத்துவிட்டான். அதற்குள் பதினோரு நிமிடம் உலகத்துக்கே திறந்து கிடந்திருக்கிறது. இப்படி விழுகிற சாவிகளைப் பொறுக்குவதற்கென்றே ஓயாமல் சுற்றுகிற நிரல்கள் உண்டு என்பது இருவருக்கும் தெரியும்.

"எத்தனை மணிக்கு வாங்கின சாவி?"

"ஒன்பது நாப்பது. அதைப் போட்டது பத்து இருபது."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து முப்பத்து மூன்று. இன்னும் ஏழு நிமிடம் அந்தச் சாவிக்கு உயிர் இருக்கிறது. அவள் அதுவரை காத்திருக்கவில்லை. அவன் பெயரில் அதுவரை கொடுத்த சாவிகள் அத்தனையும் அந்த நொடியிலிருந்து செல்லாது என்று உத்தரவு எழுதினாள். இப்படி ஒரு நாள் வரும் என்று எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். பத்து முப்பத்து நான்குக்குச் சாவி செத்தது.

பிறகு பதிவேட்டைத் திறந்தாள். யார், எப்போது, எந்தக் கதவைத் தட்டினார்கள் என்று வரிவரியாகச் சொல்லும் அது. வேகம் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து குனிந்து பார்த்தான்.

சாவியைப் பொறுக்கிய திருடர்கள் பத்து இருபத்து நான்கிலேயே வந்துவிட்டார்கள். முதலில் எல்லா மருத்துவமனைகளின் பட்டியலையும் கேட்டிருக்கிறார்கள்: அனுமதி இல்லை. பயனர் பட்டியலில் புதிதாக ஒரு ஆளைச் சேர்க்கப் பார்த்திருக்கிறார்கள்: அனுமதி இல்லை. படங்களை அழிக்கப் பார்த்திருக்கிறார்கள்: அனுமதி இல்லை. ஒரே ஒரு அலமாரிதான் திறந்திருக்கிறது, சோதனைப் படங்கள் இருக்கிற அலமாரி.

"எதை எடுத்திருக்காங்க?" என்றான் வேகம். குரல் உள்ளே போயிருந்தது.

அவள் படித்துக் காட்டினாள். "ஒரு ஆரஞ்சுப்பழம். ஒரு ஜோடி செருப்பு. அப்புறம் ஒரு குடை."

அவையெல்லாம் சோதனைக்கென்று ஒரு மருத்துவமனையில் வேகம் விளையாட்டாக எக்ஸ்ரே எடுத்து வைத்த படங்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனுக்கும் வந்தது, ஆனால் பாதியில் கண் கலங்கிவிட்டது.

"பழைய சாவியா இருந்திருந்தா…" என்றான்.

அவள் ஒரு டம்ளர் தண்ணீரை அவன் பக்கம் நகர்த்திவைத்தாள்.

மூன்று மணிக்கு மேலாளர் எல்லாரையும் கூட்டினார். பெரிய மருத்துவமனைகளின் பொறுப்பாளர்கள் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "நம்ம ஊழியர் ஒருத்தர் கவனக்குறைவா…" என்று மேலாளர் ஆரம்பிக்கும்போதே வேகம் எழுந்து நின்றான்.

"அந்த ஒருத்தர் நான்தான் சார். இவங்களை விசிட்டர் பாஸ்னு கிண்டல் பண்ணினதும் நான்தான். பன்னண்டு மணி நேரச் சாவி வேணும், எல்லாப் படமும் திறக்கணும்னு உங்ககிட்ட சண்டை போட்டதும் நான்தான். அன்னிக்கு நான் கேட்டது கிடைச்சிருந்தா இன்னிக்கு நம்ம எல்லாரும் தெருவுல நின்னிருப்போம். இவங்க குடுக்கலை. அதனாலதான் பத்தொன்பது ஆஸ்பத்திரிப் படமும் வச்ச இடத்துல இருக்கு."

யாரும் கை தட்டவில்லை. அவள் தன் அறிக்கையை எடுத்து வாசித்தாள். நடந்தது, நடந்த நேரம், எடுத்த நடவடிக்கை. கடைசியில் ஒரு கட்டம் இருந்தது: வெளியே போன நோயாளிகளின் படங்கள் எத்தனை? "பூஜ்யம்," என்று வாசித்தாள். அந்த ஒரு சொல்லை மட்டும் கொஞ்சம் நிதானமாகவே வாசித்தாள். தான் நிதானமாக வாசிப்பது அவளுக்கே தெரிந்தது. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

தொலைபேசியில் ஒரு பெண் மருத்துவரின் குரல் கேட்டது. "இப்ப பேசினவங்க யாரு?"

மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்க பாதுகாப்புப் பொறுப்பாளர் மேடம்."

அப்படி ஒரு பதவி அந்த நிறுவனத்தில் அதுவரை இருந்ததில்லை.

"எங்க ஆட்களுக்கும் வந்து இதைச் சொல்லிக் குடுப்பாங்களா? எங்க மற்ற சிஸ்டத்துல எல்லாம் இன்னமும் ஒரே சாவிதான் சுத்துது."

மேலாளர் அவள் முகத்தைப் பார்த்தார். "வர்றேன் மேடம்," என்றாள் அவள். "ஆனா முதல்ல உங்க ஆட்கள் வேலை பார்க்கற இடத்துல ஒருநாள் உக்காந்து பார்த்துட்டுத்தான் ஆரம்பிப்பேன்."

ஐந்து மணிக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. பணி மாறுகிற நேரம். பின்னால் நாலைந்து குரல்கள் கேட்டன.

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்டி, எல்லாரும் இங்கதான் இருக்கோம். எங்க டாக்டரம்மா வந்து சொன்னாங்க. இந்தச் சாவி ஏற்பாடு செஞ்ச பொண்ணு என் கூடப்பொறந்தவன்னு நான் சொல்ல, யாருமே நம்பமாட்டேங்கறாங்க. நீயே சொல்லு."

"அக்காதாங்க," என்றாள் அவள். "திட்டற குரலைக் கேட்டாலே தெரியலையா உங்களுக்கு?"

அங்கே ஒரே சிரிப்பு. அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போன் லாக்கர்ல இருக்குன்னு நான் சொன்னேனே, அதை ரிப்போர்ட்ல போட்டியா?"

"போட்டேன்க்கா. ஸ்கேன் பிரிவுச் செவிலியர் சுட்டிக்காட்டிய குறையின் பேரில் ஏற்பாடு திருத்தப்பட்டதுன்னு எழுதியிருக்கேன்."

"ஏன், என் பேரைப் போட்டா கை தேய்ஞ்சுடுமா?"

"நாளைக்கே போட்டுடறேன்."

"சரி சரி." அக்கா ஸ்பீக்கரை அணைத்துவிட்டாள் போலிருக்கிறது, பின்குரல்கள் அடங்கியிருந்தன. "அப்பா இருந்திருந்தா இந்நேரம் தெரு முழுக்கச் சொல்லியிருப்பாருடி. இப்ப அதையும் நான்தான் செஞ்சாகணும்."

போனை வைத்துவிட்டு அவள் மறுபடி பதிவேட்டைத் திறந்தாள். திருடர்கள் இன்னும் விடவில்லை. செத்த சாவியை வைத்துக்கொண்டு மதியமெல்லாம் தட்டியிருக்கிறார்கள். மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டு வரிகள். மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, கல்யாண ஆல்பம் பார்ப்பதுபோல், ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தாள். அனுமதி இல்லை. அனுமதி இல்லை. அனுமதி இல்லை.