பவித்ராவுக்கு ஒரு பெல்ட் பின்னால்

ஜெயவேல் கராத்தே வகுப்பில் சேர்ந்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது. கற்றுக்கொள்ளும் ஆசை எல்லாம் இல்லை. எட்டு வயது மகள் பவித்ராவை முதல் நாள் கொண்டுபோய் விட்டபோது அவள் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள்.

"நீயும் வந்து பக்கத்துல நில்லுப்பா."

மாஸ்டர் பச்சையப்பனுக்கு இருபத்தாறு வயதுதான் இருக்கும். அவரும் சிரித்துக்கொண்டே, "வாங்க சார், நில்லுங்க. கொழந்த பயப்படாது" என்றார்.

ஆரணியில் பட்டுச்சேலை பார்டர்களுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது ஜெயவேலின் வேலை. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து தொப்பை விழுந்த உடம்பு. பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு, இடுப்பு உயரப் பிள்ளைகளுக்கு நடுவில் போய் நின்றார்.

முதலில் சொல்லிக்கொடுத்தது ஹெய்யான் ஷோடான் என்ற கட்டா. எதிரே ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு, தடுப்பதையும் குத்துவதையும் ஒரே வரிசையில் செய்ய வேண்டும். பிள்ளைகள் இடது பக்கம் திரும்பினால் ஜெயவேல் வலது பக்கம் திரும்பினார். பவித்ராமீது இரண்டு முறை மோதினார். வீட்டில் அவளே ஹாலில் கிடந்த நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு, "இந்தக் கைப்பா, இந்தக் கை" என்று மறுபடியும் மறுபடியும் சொல்லிக்கொடுத்தாள். மஞ்சள் பெல்ட் பரீட்சையில் அவள் தேறினாள், அவர் தேறவில்லை. மூன்று மாதம் கழித்து அவர் மஞ்சள் வாங்கியபோது அவள் ஆரஞ்சுக்குப் போயிருந்தாள். அதற்குப் பிறகு எப்போதும் அப்படித்தான். மகள் முன்னால், அப்பா ஒரு பெல்ட் பின்னால்.

அவள் பச்சை வாங்கிய வருடம் குடும்பம் பிரிந்தது. தப்பு யார்மீது என்று ஜெயவேலுக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அவரும் மனைவி சுகன்யாவும் பேசாமலே பல மாதம் இருந்தார்கள். பேச ஆரம்பித்தபோது பேச்செல்லாம் சண்டையாக இருந்தது. சுகன்யாவுக்குத் தாம்பரத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. மகளையும் அழைத்துக்கொண்டு போனாள்.

பஸ் ஏறும்போது பவித்ரா சொன்னாள். "அங்க ஒரு கிளாஸ்ல சேந்துடுவேன்பா. நான் போய்கினே இருப்பேன். நீ விட்டுடாம பின்னாடியே வந்துடணும்."

"வரேன் கண்ணு."

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ காலில் பேசுவார்கள். ஸ்கூல் எப்படி என்றால் "நல்லாருக்கு" என்பாள். சாப்பாடு என்றால் "சாப்ட்டேன்." கட்டாவைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவள் முகம் மாறிவிடும். ஜெயவேல் போனை டிவிமேல் சாய்த்து வைத்துவிட்டு ஹெய்யான் யோண்டான் என்ற கட்டாவைச் செய்து காட்டுவார். "முட்டிய இன்னும் மேல தூக்கணும்பா! மறுபடி செய்" என்று அங்கிருந்து கத்துவாள். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் அவர் வாரம் முழுக்கக் காலை ஐந்தரைக்கு எழுந்து வகுப்புக்கு ஓடினார்.

அதற்கு அடுத்த கட்டாவான ஹெய்யான் கோடானில் ஒரு இடத்தில் எகிறிக் குதித்து, கால்களைப் பின்னிக்கொண்டு தாழ்ந்து இறங்க வேண்டும். நாற்பத்திரண்டு வயதில் அது அவருடைய வலது முழங்காலைக் கெடுத்தது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் இனிமேல் குதிக்கவே கூடாது என்றார்.

மாஸ்டரும் சொன்னார். "ப்ளூ பெல்ட்டோட நிறுத்திக்கலாம் சார். இந்த வயசுல அதுவே பெருசு."

"பொண்ணு ப்ரௌன் வாங்கிட்டா மாஸ்டர்" என்றார் ஜெயவேல். முழங்காலுக்கு உறை மாட்டிக்கொண்டு குதித்தார்.

மகளிடம் அதைச் செய்து காட்டியபோது அவள் ஒரு திருத்தமும் சொல்லவில்லை. "சூப்பர்பா" என்றாள். அவ்வளவு நன்றாக வந்துவிட்டதா என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. "நீ ப்ளாக்குக்குக் கத்துக்கற கட்டா, அந்த பசாய் டாய் செஞ்சு காட்டேன்" என்று கேட்டால், "ட்ரெஸ் தோய்க்கப் போட்டிருக்குப்பா" என்பாள்.

போன ஜனவரியில் வந்தவாசியில் ஒரு பள்ளி மைதானத்தில் பெல்ட் பரீட்சை நடந்தது. ஜெயவேலுக்கு ப்ரௌன். "நீயும் ப்ளாக்குக்கு இங்கயே வந்துடேன் கண்ணு. ஒண்ணா நிப்போம்" என்று அழைத்திருந்தார். அவள் வரேன் என்றாள்.

சுகன்யாவும் பவித்ராவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பவித்ரா சுடிதாரில் இருந்தாள். பதினாலு வயதில் அம்மா உயரத்துக்கு வளர்ந்திருந்தாள். கையில் பை எதுவும் இல்லை.

"ட்ரெஸ் எங்க? ஜல்தி மாத்திக்கோ, பேர் கூப்ட்டுகினு இருக்காங்க" என்றார் ஜெயவேல்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். "நீயே சொல்லு" என்றாள் சுகன்யா.

"நான் விட்டுட்டேன்பா."

"இன்னாத்த?"

"கராத்தேய. ரெண்டு வருஷம் ஆச்சு. ப்ளூவோட நின்னுட்டேன்."

சுகன்யா தணிந்த குரலில், "சொல்லிடு சொல்லிடுன்னு நானும் சொல்லிகினேதாங்க இருந்தேன். கேக்கல" என்றாள்.

ஜெயவேலுக்குக் கோபம் வரவில்லை. "எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா கண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

"அதையும் விட்டுட்டா நாம இன்னாப்பா பேசறது?" பவித்ராவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நீ எவ்ளோ ஆசையா கத்துக்கற. உனக்கு ரொம்பப் புடிச்சிருக்கில்ல?"

முழங்கால் உறைக்குள் வலி தெறித்துக்கொண்டிருந்தது. அவர் மகளுடைய தலையைத் தொட்டார்.

"ஆமா கண்ணு. ரொம்பப் புடிச்சிருக்கு."

பேர் கூப்பிட்டார்கள். ப்ரௌனுக்கு டெக்கி ஷோடான். முழங்காலை மடக்கி அகலமாக நின்று, பக்கவாட்டிலேயே நகர்ந்து செய்யும் கட்டா. பாதியில் அடுத்த அசைவு அவருக்கு மறந்துபோனது. கை அந்தரத்தில் நின்றது. பழக்கத்தில் மகளைத் தேடிப் பார்த்தார். பவித்ரா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் அந்தக் கட்டாவைக் கற்றதே இல்லை.

பரீட்சை வைத்தவர் பெருந்தன்மையாக இன்னொரு முறை செய்யச் சொன்னார். இரண்டாம் முறை ஜெயவேல் ஒரு பிழையும் விடவில்லை. ப்ரௌன் பெல்ட்டை இடுப்பில் கட்டியபோது பவித்ராதான் எல்லோரையும்விட சத்தமாகக் கைதட்டினாள்.

மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஓட்டலில் சாப்பிட்டார்கள். மகள் தட்டில் பொரியலை ஒதுக்குவதைப் பார்த்து, அவளுக்கு எது பிடிக்கும் என்று தனக்குத் தெரியாது என்பதை ஜெயவேல் உணர்ந்தார். தாம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, அது கிளம்பும்வரை நின்றார்.

அடுத்த ஞாயிறு பவித்ராவே கூப்பிட்டாள்.

"சாப்ட்டியாப்பா?"

"ஆச்சு கண்ணு. நீ?"

"ஆச்சு."

அவள் முகம் திரையில் தெரிந்தது. அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வீட்டில் மிக்ஸி ஓடியது, நின்றது. வேறு ஏதாவது கேட்க வேண்டும் என்று ஜெயவேல் யோசித்தார்.

"முட்டி எப்டிப்பா இருக்கு? அம்மா சொன்னாங்க, நீ நொண்டிகினே நடந்தன்னு."

"அது ஒண்ணுமில்ல கண்ணு."

"சரிப்பா. படிக்கணும், வெச்சிடட்டா?"

"வை கண்ணு."

நாலு நிமிடம்கூட ஆகியிருக்காது. மறுநாள் காலை ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. ஜெயவேல் அதை அணைத்துவிட்டு, வெளிச்சம் வரும்வரை கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார்.