கிருஷ்ணகிரியில் நிற்காத வண்டி

வழியில் நின்றுபோன லாரிகளை, முன்சக்கரங்களைத் தூக்கிக் கொக்கியில் மாட்டி இழுத்துவருவதுதான் இருபது வருடமாகக் கலீல் ரகுமானின் பிழைப்பு. அவருடைய ரெக்கவரி வண்டி பூந்தமல்லி பைபாஸ் ஓரம் நிற்கும். பக்கத்து ஊர் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, கூப்பிட்டதும் கிளம்பிவிடுவார். தூரத்துச் சவாரி என்றால் முந்தின நாளே உட்கார்ந்து, எங்கெங்கே டீசல் போடுவது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வார்.

பின்னால் லாரி தொங்கும்போது வண்டி இரண்டு மடங்கு குடிக்கும். அந்த நீளத்தோடு ரிவர்ஸ் எடுக்கவும் முடியாது. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நேராக வெளியே வருகிற மாதிரி பங்க் வேண்டும். டேங்க் முள் வேறு செத்துப் பல வருடமாகிவிட்டது. ஓடிய கிலோமீட்டரை வைத்துத்தான் எல்லாம்.

அம்பத்தூர் எஸ்டேட்டுக்குச் சரக்கு ஓட்டும் இளங்கோவின் லாரி, ஹூப்ளிக்குப் போன இடத்தில் கியர்பாக்ஸ் உடைந்து நின்றுவிட்டது. அவனுக்கு நம்பிக்கையான மெக்கானிக் சென்னைப் பக்கம் பாடி என்ற ஊரில் இருந்தார். அங்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கலீல் எழுதினார்: ஹூப்ளியில் டேங்க் நிறைய, அடுத்து சித்ரதுர்கா, அதற்கடுத்து கிருஷ்ணகிரி. அங்கே போட்டால் வீடு வரை தாங்கும்.

கிளம்பும்போது, பூந்தமல்லிக்குள்ளேயே இருந்த அக்கா அஷ்ரஃபுன்னிசாவைப் பார்க்கப் போனார். சிறுநீரகம் பழுதாகி மூன்று வருடம். கணவர் இல்லை. ஒரே மகள் அஃப்ஷீனும் மருமகன் சர்ஃபராஸும் கூடவே இருந்தார்கள். அக்காவின் முகம் அன்று கூடுதலாக வீங்கியிருந்தது.

"எப்ப வருவே?"

"சனிக்கெழம மத்தியானம் வந்துடுவேன்க்கா."

"ரோட்ல பாத்துப் போ" என்றாள்.

வெள்ளிக்கிழமை விடியலில் ஹூப்ளியில் லாரியை மாட்டிக்கொண்டு கலீலும் இளங்கோவும் கிளம்பினார்கள். சித்ரதுர்காவில் டீசல் போட்டார்கள். பெங்களூரு நெரிசலில் மூன்று மணி நேரம் ஊர்ந்து, அத்திப்பள்ளியில் வண்டியை ஓரங்கட்டித் தூங்கினார்கள். சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கலீல் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அஃப்ஷீன் போன் செய்தாள்.

"மாமா, அம்மா மவுத்தாயிட்டாங்க மாமா."

கலீல் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். அடக்கம் எப்போது என்று கேட்டார்.

"மத்தியானம் லுஹருக்கேன்னு சொன்னாங்க. நீங்க வரணும்னு சாயங்காலம் அசர் தொழுக வரைக்கும் கேட்டு வாங்கிக்கீறோம். அதுக்கு மேல வெக்க முடியாது மாமா, ஒடம்பெல்லாம் தண்ணி."

பெண்ணின் மையத்தை, அந்த உடலை, கபர்க் குழிக்குள் இறக்க நெருங்கிய உறவு ஆண் வேண்டும். அக்காவுக்கு மகன் இல்லை. இரத்த உறவென்று இருந்தது இந்தத் தம்பி ஒருவர்தான்.

"பாய், நீங்க பஸ் ஏறிடுங்க. ரெண்டு வண்டியும் இங்கயே நிக்கட்டும், நான் காவலுக்கு இருக்கேன்" என்றான் இளங்கோ.

கலீல் மனசுக்குள் தூரத்தைப் பார்த்தார். இருநூற்று எண்பது கிலோமீட்டர். மணிக்கு முப்பத்தைந்து ஓடினாலும் மூன்றுக்குள் போய்விடலாம். அசருக்கு அதற்குமேலும் நேரம் இருக்கிறது. "ரெண்டு வேலையும் ஆவும் தம்பி, ஏறு" என்றார்.

கிருஷ்ணகிரி பங்க்கில் டேங்கர் லாரி நின்று டீசல் இறக்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் பன்னிரண்டு வண்டிகள் வரிசையில் காத்திருந்தன. அரை மணி நேரமாகும் என்று பங்க் ஆள் கையை விரித்தான்.

கலீல் மீட்டரில் ஓடிய கிலோமீட்டரைப் பார்த்தார். இன்னும் எண்பது கிலோமீட்டருக்கு டீசல் இருக்க வேண்டும். வாணியம்பாடி தாண்டி நல்ல அகலமான பங்க் ஒன்று இருக்கிறது, அறுபதுகூட வராது.

"தாள்ல இங்கன்னுதானே எழுதிக்கீறீங்க பாய்?"

"எழுதனது நான்தானே" என்று சொல்லி வண்டியை நகர்த்தினார்.

நாட்றம்பள்ளி தாண்டியதும் எஞ்சின் இரண்டு முறை இழுத்தது. பிறகு சத்தமே இல்லாமல் அடங்கியது. வண்டி தன் வேகத்திலேயே ஓரத்துக்கு வந்து நின்றது. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. பெங்களூருவில் ஊர்ந்த மூன்று மணி நேரத்தை அவர் சேர்க்கவே இல்லை. கிலோமீட்டர் ஓடவில்லை, டீசல் மட்டும் எரிந்திருந்தது.

மணி ஒன்பதரை. இளங்கோ ஒரு பைக்கை மறித்து ஏறி, கேனில் டீசல் வாங்கிவரப் போனான். கலீல் சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். சென்னை போர்டு போட்ட பஸ்கள் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தன. கையைக் காட்டியிருந்தால் ஏதாவது ஒன்று நின்றிருக்கும். ஆனால் டீசல் வந்துவிட்டால் கிளம்பிவிடலாம் என்று தோன்றியது. வந்துகொண்டுதானே இருக்கிறது?

பத்தரைக்கு டீசல் வந்தது. ஊற்றினார்கள். ஆனால் குழாய்க்குள் காற்று புகுந்திருந்தது. போதாததற்கு டேங்கின் அடியிலிருந்த கசடு முழுவதும் ஃபில்டரில் போய் அடைத்திருந்தது. கலீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தார். கையால் பம்ப் செய்து காற்றை வெளியேற்றுவார், ஸ்டார்ட் செய்வார், எஞ்சின் நாலு முறை இருமிவிட்டு நிற்கும். மறுபடி குனிவார்.

"பாய், சொன்னா கேளுங்க. பஸ்ஸ புடிங்க. இப்ப ஏறினாக்கூட மூணுக்குப் போயிடலாம்."

"பத்தே நிமிஷம் தம்பி. வந்துட்ச்சு பாரு."

பத்து நிமிடம் என்று நாலு முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் அது உண்மை என்றுதான் நம்பினார். பதினொன்றே காலுக்கு எஞ்சின் பிடித்தது. வாணியம்பாடியில் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பும்போது மணி பன்னிரண்டு.

ஆம்பூர் போனது, வேலூர் போனது. நாற்பதுக்கு மேல் மிதித்தால் பின்னால் லாரி ஆடத் தொடங்கியது. வாலாஜா தாண்டும்போது மூன்று மணி. நாலரைக்குச் சர்ஃபராஸ் போன் செய்தான்.

"எங்க கீறீங்க மாமா?"

"சுங்குவார்சத்திரம் வந்துட்டேன். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிப் பாருப்பா."

"சொல்லிட்டேன் மாமா. தொழுக முடிஞ்சதும் தூக்கிடுவாங்க."

ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி பஸ்கள் அடைத்துக்கொண்டு நின்றன. பூந்தமல்லிக்கு வந்தபோது ஐந்தே முக்கால். அந்த நீளத்தை ஊருக்குள் திருப்ப முடியாது. பைபாஸிலேயே நிறுத்திவிட்டு, ஐம்பது வயது உடம்போடு கலீல் ஓடினார். கபர்ஸ்தான் வாசலில் ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். சிலர் கையிலிருந்த மண்ணைக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் விலகி வழிவிட்டார்கள்.

சர்ஃபராஸ் மட்டும் கபரருகே நின்றிருந்தான்.

"நான்தான் எறக்குனேன் மாமா."

கலீல் தலையை ஆட்டினார். ஈரமண்ணில் முழங்காலிட்டு மூன்று பிடி எடுத்துப் போட்டார். கையெல்லாம் டீசலும் கறுப்பும். கைகால் முகம் கழுவி ஒளூ செய்யாமல் வந்துவிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கைகளைச் சட்டையில் துடைத்துவிட்டு, அக்காவுக்காக துஆ கேட்க ஏந்தினார்.

வீட்டில் அஃப்ஷீன் அழுது ஓய்ந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

"காலையிலயே பஸ் ஏறியிருந்தா மொகத்தயாவது பாத்திருக்கலாமே மாமா. கடைசி வரைக்கும் மூடாம வெச்சிருந்தோம்."

பங்க்கில் டேங்கர் நின்றதையும் பெங்களூரு நெரிசலையும் ஃபில்டர் கசடையும் சொல்லலாம். எல்லாமே உண்மைதான். எதுவும் அவள் சொன்னதற்குப் பதிலாகாது. அவர் வாசலிலேயே நின்றார். அவள் எழுந்து உள்ளே போனாள்.

பையில் போன் அடித்தது. வண்டியை எடுக்கச் சொல்லிப் போலீஸ் நிற்பதாக இளங்கோ தயங்கித் தயங்கிச் சொன்னான். கலீல் திரும்பி நடந்தார். வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தார். சாவியின் ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்து வாய்விட்டு அழுதார். பின்னால் ஹாரன்கள் அலறின. என்ன செய்வதென்று தெரியாமல் இளங்கோ அவர் முதுகில் கையை வைத்தான். அவர் அழுதுகொண்டே கியரைப் போட்டார்.